குணசேகரன் வீட்டு வழக்கும் நம் வீட்டு வழக்கும்

2025ஆம் ஆண்டு மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இணுவிலிலுள்ள ஒரு சனசமூக நிலையத்தில் காணி உறுதிகள் பற்றிய கூட்டமொன்றைக் கூட்டியிருந்தோம். இடப்பெயர்விலே உறுதியைத் தொலைத்தோர், பிரதி எடுக்க வழி அறியாதோர், பேரன் பெயரிலே கிடக்கும் காணியைத் தம் பெயருக்கு மாற்ற முடியாது தவிப்போர் ஆகியோருக்குச் சட்ட விளக்கம் அளிப்பதே நோக்கம். பின்னேரம் ஏழு மணி என்று துண்டுப்பிரசுரம் அடித்திருந்தோம். தமிழர் கூட்டம் தமிழர் கூட்டமாகவே இருக்கவேண்டுமன்றோ? ஏழரைக்கு மேசை வந்தது. எட்டு மணிக்கு ஒலிபெருக்கி வந்தது. எட்டரைக்குத் தலைவர் வந்தார். தலைவர் அரைமணி நேரம் முன்னுரை நிகழ்த்தினார். பேச்சாளனாகிய நான் எழுந்து, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று விளித்து, உறுதிக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்கியபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

ஒன்பதேகால் அளவில் தாய்மார்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்தார். ஒருவர் எழுந்தார், அவர் பின்னே இருவர், பின்னர் செருப்புத் தேடும் ஒலி மாத்திரம் வாசலிலே கேட்டது. பத்து நிமிடத்துள் வாங்குகள் வெறுமையாயின. எஞ்சியோரை எண்ணினேன். எழுவர். அவருள் மூவர் நிலையத்தின் நிர்வாக சபையினர்; ஒருவர் ஒலிபெருக்கிக்காரர்.

காரணத்தை நான் கேட்கவில்லை. எவர்க்கும் தெரிந்த காரணம் அது. ஒன்பதரை மணிக்கு 'எதிர்நீச்சல் தொடர்கிறது'. இருபது ஆண்டுக் காலப் பொதுவாழ்விலே மழையால் கலைந்த கூட்டங்களையும், மின்வெட்டால் கலைந்த கூட்டங்களையும், சீருடை தரித்தோர் வாசலில் வந்து நின்றமையால் கலைந்த கூட்டங்களையும் கண்டிருக்கிறேன். தொலைக்காட்சி நாடகத்தால் கலைந்த கூட்டம் அதுதான் எனக்கு முதலாவது என்று எழுத ஆசை. ஆனால் அது உண்மையன்று. உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவு வந்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தை முடித்து வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையிலே, சட்டம் பேசியபோது கொட்டாவி விட்டவர்கள் குணசேகரனைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிமிர்ந்து நின்றார்கள்.

"மாரிமுத்து இருந்த கதிரையிலை வேறை ஆள் இருக்கலாம். குணசேகரனாய் இருக்கேலாது" என்றார் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ மாஸ்ரர்" என்று மறுத்தான் ஒலிபெருக்கிக்காரப் பையன். "முந்தினவரைப் பாத்துச் சிரிச்சனாங்கள். இப்ப இருக்கிறவரைப் பாத்தால் பயமாய்க் கிடக்கு. அந்தப் பாத்திரத்துக்கு எது சரி? சிரிப்போ, பயமோ?"

நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மையார் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் நாடகத்தை மறுநாட் காலையிலே தொலைபேசியிற் பார்ப்பவராம், ஆதலால் அவசரமில்லை. "ரெண்டு பேரும் அந்த மனுசனைப் பற்றித்தான் கதைக்கிறியள்" என்றார் அவர். "அந்த வீட்டிலை சமைக்கிற நாலு பொம்பிளையளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அன்றிரவு வீடு திரும்பும்போது என் மனத்திலே நின்றது இந்த மூன்று வாக்குமூலங்களுமே.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அரசியல் ஏட்டிலே எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாடகத்தைப் பற்றி வாதாடுவது இந்த மண்ணிலே நேற்று முளைத்த நோயன்று. ஒல்லாந்தர் காலத்திலே சின்னத்தம்பிப் புலவர் கோவலன் நாடகமும் நொண்டி நாடகமும் இயற்றிய ஊர் இணுவில். தவிலுக்கென்றே உலகு வியந்த தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். கோயில் முன்றிலிலே விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டு, மறுநாள் புகையிலைத் தோட்டத்திலே தண்ணீர் மாறிக்கொண்டு அதைப் பற்றியே வழக்காடிய பாட்டன்மாரின் பேரர்கள் நாம். நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அரிச்சந்திரன் கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போய் இருந்தார்கள், தெரிந்தும் அழுதார்கள், விசுவாமித்திரன் செய்தது பரீட்சையா, கொடுமையா என்று விடிந்தபின்னும் தர்க்கித்தார்கள். ஆனால் ஒன்று: அந்த நாடகம் விடிவதற்குள் முடிந்தது.

பின்னர் வானொலி வந்தது. சானாவின் 'லண்டன் கந்தையா'வும், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாக'மும் நம் வீடுகளிலே நம்முடைய பேச்சிலேயே பேசின. வாரந்தோறும் காத்திருந்து கேட்கும் பழக்கத்தை நமக்கு ஊட்டியவை அவையே. ரூபவாகினி 1982இல் தொடங்கியது. எண்பதுகளிலே கமுக மரத்தையும் மிஞ்சும் குழாய்களின் உச்சியில் அன்டெனாவைக் கட்டி, காற்றடிக்கும் திசைக்கேற்பத் திருப்பித் திருப்பித் தூரதர்ஷனைப் பிடித்தோம். இராமாயணத் தொடரை அந்நிலையம் தொடங்கிய 1987ஆம் ஆண்டிலேதான் இந்திய இராணுவமும் இங்கு வந்திறங்கியது. பொழிப்புத் தெரியாத இந்தியிலே சீதை அழுததை, குழந்தையாகிய நான் என் பாட்டியின் மடியிலிருந்து பார்த்தேன். வெளியிலே அதே மொழி பேசும் சிப்பாய்கள் நின்றார்கள். 1990இல் மின்சாரமே நின்றுபோயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு, பெட்டியிலே படம் அசைவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை இன்றைய இளைஞருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆகவே 1998இல் சக்தி தொலைக்காட்சி தோன்றியபின், தமிழகத்துத் தொடர்கள் வீடுதோறும் வந்தபோது அவற்றைத் தாகத்தோடு ஏற்றுக்கொண்டோம். 1999 முதல் 2001 வரை ஓடிய 'சித்தி', அதன்பின் 'மெட்டி ஒலி', அதன்பின் 'கோலங்கள்' என்று நம் பெண்கள் ஆண்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். "மெட்டி ஒலி முடிஞ்ச கிழமைதான் இவன் பிறந்தவன்" என்று ஒரு தாய் நீதிமன்றத்தில் வயதுக்குச் சான்று சொன்னதை என் காதாற் கேட்டிருக்கிறேன்.

இனி வழக்குக்கு வருவோம்.

'எதிர்நீச்சல்' 2022 பெப்ரவரி 7ஆம் நாள் தொடங்கியது. அதனை இயக்கியவர் 'கோலங்கள்' தந்த திருச்செல்வம். அது தொடங்கி இரண்டு மாதம் ஆகுமுன் இந்நாட்டிலே ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பெண்கள், முந்திய இரவு தாம் தவறவிட்ட அங்கத்தை முன்னால் நின்றவரிடம் கேட்டறிந்தார்கள். அடுப்படிச் சிறையிலே அகப்பட்ட நாடகப் பெண்களின் கதை, அடுப்பெரிக்க வழியற்ற பெண்களின் வரிசையிலே வாய்மொழியாக வளர்ந்தது. அத்தொடர் இங்கே வேரூன்றிய விதம் இதுவே.

அதன் முதற்பாகத்தின் வலிமை யாது? என் தொழிற் கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. அந்தக் கதைக்கு ஒரு திட்டமான வழக்குப்பொருள் இருந்தது. ஆதி குணசேகரன் குடும்பத்தைக் கட்டியாளும் மூத்தவன். தம்பியர் மூவர். அந்நால்வரின் மனைவியர் ஈசுவரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. அவர்கள் படித்திருந்தும், திறனிருந்தும், அந்த வீட்டுச் சமையலறையைத் தாண்டாதவர்கள். சொத்திலே நாற்பது விழுக்காடு பாட்டியாகிய அப்பத்தாவின் பெயரிலே இருந்தது. அந்தப் பங்கைச் சுற்றியே ஆணின் ஆத்திரம் எல்லாம் சுழன்றது. அச்சமூட்டும் வில்லனுக்கும் அச்சம் ஒன்று உண்டு என்று காட்டியது அந்த நாற்பது விழுக்காடு. பாத்திரத்துக்கு வலிமை அங்கேதான் பிறக்கிறது. காரணமின்றிக் கொடுமை செய்பவன் பூச்சாண்டி. பங்கு பறிபோகுமென்று நடுங்கிக்கொண்டு கொடுமை செய்பவன் மனிதன்.

இரண்டாவது வலிமை, சமையலறைப் பேச்சு. நான்கு பெண்களும் காய் நறுக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, ஒருவரையொருவர் தேற்றியும் ஏசியும் பேசிய காட்சிகளை நான் உயர்வாக மதிக்கிறேன். நந்தினியின் நாக்கிலே இருந்த கூர்மை, மேடைப் பேச்சாளர் பலருக்கு வாய்க்காதது. அத்தொடருக்கு உரையாடல் எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண்மணி என்பது தற்செயலான செய்தியன்று.

குறை யாது? பிரதிவாதிக்கே சிறந்த வசனங்களை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். மாரிமுத்து திரைப்பட இயக்குநராகவும் விளங்கியவர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய படங்களை இயக்கியவர். குரலின் ஏற்ற இறக்கத்தாலும், முகத்திலே தோன்றும் அலட்சியத்தாலும், "இந்தாம்மா ஏய்" என்ற ஒரு விளிப்பாலும் அவர் கொடுங்கோலனை வீட்டுச் செல்லப்பிள்ளை ஆக்கிவிட்டார். நம் ஊரிலே சிறுவர்கள் தம் தாயாரை அவ்வாறு விளித்து விளையாடினார்கள், தாய்மாரும் சிரித்தார்கள். நடிகனின் வெற்றி நாடகத்தின் தோல்வியாக முடியும் விந்தையை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை. அடக்குமுறையாளன் சுவையாகப் பேசத் தெரிந்தவனாயிருந்தால் மக்கள் அவனை மன்னித்துவிடுகிறார்கள். அரசியல் மேடையிலே நாம் அறியாத செய்தியா இது?

2023 செப்டெம்பர் 8ஆம் நாள், அதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையிலே மாரிமுத்து மாரடைப்பாற் காலமானார். இணுவிலிலே அன்று சிலர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் துக்கம் இருந்தது. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். ஒலிபெருக்கிக்காரப் பையன் சொன்னதிலே பாதி உண்மை இருக்கிறது. புதிய குணசேகரன் பேச்சாற் சிரிக்கவைக்கவில்லை. அவர் நின்றால் வீடு இருளுகிறது. அந்தப் பாத்திரத்தின் நியாயப்படி அவரே பொருத்தமானவர் என்றுகூட வாதாடலாம். ஆனால் மக்களின் அன்பு நியாயத்தைப் பார்ப்பதில்லை. மாஸ்ரர் பக்கமே ஊர்ப் பெரும்பான்மை. என் தீர்ப்பு? மாரிமுத்து சிறந்த நடிகர். ராமமூர்த்தி சிறந்த குணசேகரன். இருவருக்கும் இடையிலே சிக்கித் திண்டாடியது எழுதுவோர் கைதான்.

முதற்பாகம் 2024 ஜூன் 8ஆம் நாள் முடிந்தது. ஆண்டுக்கணக்காக விளக்கம் கேட்டுவிட்டு, மதியபோசனத்துக்கு முன் தீர்ப்பு வாசித்து எழுந்துபோன நீதிபதியைப் போல இருந்தது அம்முடிவு. அறுமாதம் கழித்து, 2024 டிசம்பர் 23இல் இரண்டாம் பாகம் தொடங்கியது. ஜனனியாக நடித்த மதுமிதா அதில் இல்லை, வேறொருவர் வந்தார். அதுவன்று என் முறைப்பாடு. நடிகை மாறலாம், நிலைமை மாறவேண்டாமா? முதற்பாகம் முழுவதும் படி ஏறி ஏறிக் கதவுவரை வந்த பெண்களை, மீண்டும் முதற்படியிலே நிறுத்திக் கதை தொடங்கினால், அதுவரை நடந்த போராட்டத்துக்கு மதிப்பு என்ன? தீர்ந்த வழக்கை அதே தரப்பினர், அதே காரணத்துக்காக மீண்டும் தொடுத்தல் ஆகாது என்பது சட்டத்தில் ஒரு பழைய கொள்கை. தொலைக்காட்சி நாடகங்களுக்கு அக்கொள்கை ஏனோ செல்லுபடியாவதில்லை.

காரணம் தெரியாததன்று. அங்கங்கள் நீள நீள விளம்பரம் நீளும். இந்தியாவிலே வாரந்தோறும் பார்வையாளர் தொகையை மதிப்பிட்டு வெளியிடுகிறார்கள். அந்த எண்ணை நோக்கியே கதை வளைகிறது. அந்தக் கணக்கிலே நம் பெட்டிகள் இல்லை. யாழ்ப்பாணத்து வீடு ஒன்றுகூட அங்கே எண்ணப்படுவதில்லை. நாம் அழுதாலும், சலித்து அணைத்தாலும், அவர்கள் ஏட்டிலே ஒரு கோடும் அசையாது. எண்ணப்படாத மக்களாய் இருப்பது நமக்குப் பழகிப்போன ஒன்றாதலின் இதைப் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. 2006இல் இலங்கை அரசு இறக்குமதித் தொலைக்காட்சி நாடகங்களுக்கு வரி விதித்தது. உள்நாட்டுக் கலை வளரும் என்றார்கள். சிங்கள நாடகத்துக்கு அது நன்மை செய்ததா என்பதை அவர்கள் சொல்லட்டும். நம் பேச்சிலே, நம் முற்றத்திலே நடக்கும் நெடுந்தொடர் ஒன்று அதனால் பிறந்ததாக நான் அறியேன். 'லண்டன் கந்தையா'வுக்கு ஒலிவாங்கி கிடைத்த நாடு இது.

பழைய தொடர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போர், 'மெட்டி ஒலி'யே சிறந்தது என்பர். நானும் அக்கட்சியே. 2002இல் தொடங்கி 2005 சனவரியில், 811 அங்கங்களோடு முடிந்தது அது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தந்தையாக டெல்லி குமார் நடித்தார். அவர் வீரனல்லர், பணிந்து பணிந்து கூனிப்போன மனிதர். சரோவின் மாமியார் ராஜம்மாள் சதிகாரியல்லள். நம் ஒழுங்கையிலே நாலாவது வீட்டில் இருப்பவள். அவள் மகன் மாணிக்கம் தாய்க்கும் மனைவிக்கும் நடுவே நின்று கைபிசைந்தவன். அங்கே எவரும் எவரையும் கடத்தவில்லை, துப்பாக்கி தூக்கவில்லை. ஒரு பிடி நகையும் ஒரு வேளை அவமானமுமே கதையை நடத்தின. சீதனம் கேட்டு அழுத்துவது குற்றமாகத் தெரியாத வீடுகளிலே, அது குற்றமே என்று ஒரு மணிச்சத்தமுமின்றி உணர்த்தியது அந்நாடகம்.

'கோலங்கள்' 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை, 1533 அங்கங்கள். தேவயானி நடித்த அபி கட்டட நிறுவனம் நடத்திய பெண். உழைப்பால் உயர்ந்த பெண்ணைக் கதாநாயகி ஆக்கியமைக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அபியிடம் ஒரு குறையுமில்லை என்பதே அவளிடம் இருந்த பெருங்குறை. ஆறு ஆண்டு ஒருத்தி பொறுமையாய் இருந்தால் அது பண்பன்று, பழக்கம். அவளை எதிர்த்த ஆதியோ, தந்தையின் மற்றொரு மனைவிக்குப் பிறந்த மகன். பங்கு, உரித்து, இரண்டாந்தார மகனின் மனக்கசப்பு என்று அருமையான வழக்கு அதற்குள்ளே கிடந்தது. அதை விசாரியாமல் காரோட்டத்திலும் கொலைமுயற்சியிலும் காலத்தைக் கழித்தார்கள். அந்தத் தொடர் ஓடிய ஆண்டுகளிலேதான் இங்கே போர் மூண்டு, முடிந்தது. முகாமிலிருந்து 2010இல் மீண்டுவந்த பெண்ணொருவர், "அபியின்ரை கதை என்னமாதிரி முடிஞ்சது?" என்று என் மனைவியைக் கேட்டார். அவர் இழந்தவற்றைப் பற்றி நாங்கள் கேட்க அஞ்சியிருந்தோம். அவரோ அபியைப் பற்றிக் கேட்டார். அக்கேள்வியைக் கேட்டபின் தொடர் பார்ப்போரை இகழும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்த மறுநாட் காலை என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். முதல்நாட் கூட்டத்திலே இரண்டாம் வாங்கில் இருந்து, ஒன்பதேகாலுக்கு எழுந்து போனவர். "இடையிலை எழும்பிப் போனதுக்குக் குறை நினையாதேங்கோ" என்று தொடங்கினார். கணவர் வெளிநாடு சென்று பதினொரு ஆண்டு. முதல் மூன்று ஆண்டு பணம் வந்தது. பின்னர் குரல் மாத்திரம் வந்தது. பின்னர் அதுவும் நின்றது. தாயார் சீதனமாய் எழுதிக் கொடுத்த இரண்டு பரப்புக் காணி அவர் பெயரிலே இருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்காக அதை ஈடு வைக்க நொத்தாரிசு ஒருவரிடம் போயிருக்கிறார். கணவரின் கையொப்பம் இல்லாமல் ஈட்டுறுதி எழுதமுடியாது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"லோயர் ஐயா, அந்த நாடகத்திலை அப்பத்தாவின்ரை கையெழுத்துக்காக ஒரு வீடே அடிபடுது. இங்கை என்ரை காணிக்கு என்ரை கையெழுத்துக் காணாதாம்."

நொத்தாரிசு செய்தது சட்டப்படி சரியே. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுவது இது: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் அசையும் பொருளைத் தன் விருப்பம்போற் கையாளலாம், ஆனால் தன் சொந்த அசையாப் பொருளை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்கவேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே பெண் தன் காணியை இறுதிவிருப்ப ஆவணத்தால் எவருக்கும் எழுதிவைக்கலாம். அதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. இறந்தபின் அவள் முழு உரிமையாளி, உயிரோடிருக்கும்வரை பாதி.

1923இல் மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச்சட்டம் வந்து, இந்நாட்டின் பொதுச்சட்டத்துக்கு உட்பட்ட பெண்களின் கட்டை அவிழ்த்தது. தேசவழமைக்கு உட்பட்டோரை அச்சட்டம் தொடவில்லை. ஆக, கொழும்பிலே உள்ள சிங்களத் தோழி கையொப்பமிட்டு விற்கும் காணியை, அவளோடு ஒரே வகுப்பிற் படித்த யாழ்ப்பாணத்துத் தோழி விற்க முடியாது. அவள் வைத்தியராகவோ நீதிபதியாகவோ இருந்தாலும் நிலைமை அதுவே.

8ஆம் பிரிவிலே ஒரு சன்னல் உண்டு. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருப்பிடம் அறியப்படாதிருந்தால், சித்தசுவாதீனம் இழந்திருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அவன் சம்மதமின்றியே காணியைக் கையாள அனுமதி பெறலாம். நல்லதுதான். ஆனால் போரிலே கணவனைத் தொலைத்த பெண் அந்தச் சன்னலண்டை நின்று சொல்லவேண்டியது என்ன? "என் கணவர் எங்கே என்று தெரியாது" என்பதை மனுவாக எழுதி, சத்தியக்கடதாசி முடித்து, மன்றிலே நிரூபிக்கவேண்டும். வீதியோரங்களிலே படத்தை ஏந்தி அதே கேள்வியை அரசைக் கேட்டு நிற்கும் பெண், இரண்டு பரப்புக் காணிக்காக அதையே தானும் சான்று கூறவேண்டும்.

இவ்விடத்தில் என் சொந்தக் கட்சியினரே என்னோடு மோதுவர் என்பதை அறிவேன். தேசவழமை நம் இனத்தின் அடையாளம். அதிலே கைவைத்தால் பிறர் கைவைக்க வழி திறக்கும் என்பது அவர்கள் வாதம். இதை இலேசான வாதமென்று தள்ளமாட்டேன். நிலம் பறிபோன மக்கள் நிலச்சட்டத்தைப் பற்றிக்கொள்வது இயல்பு. மேலும் தேசவழமைக்குப் பெருமை உண்டு. 1707இல் ஒல்லாந்தர் அதனைத் தொகுத்து ஏற்றுக்கொண்டபோதே, பெண்ணுக்குச் சீதனமாகச் சொத்து உண்டு, அது தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் என்ற வழக்கம் அதில் இருந்தது. இங்கிலாந்திலே மணமான பெண் தன் பெயரிலே சொத்து வைத்திருக்க 1882வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தொகுப்பைச் சரிபார்த்தோர் பன்னிரண்டு முதலியார்கள்; பன்னிருவரும் ஆடவர். இன்று நம் பெண்ணின் கையைப் பிடித்து வைத்திருக்கும் 6ஆம் பிரிவோ, ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சட்டசபை 1911இலே இயற்றியது. 1947இல் அதே கட்டளைச்சட்டம் திருத்தப்பட்டது. தேடியதேட்டம் பற்றிய பகுதிகளே மாறின. அன்று இனம் அழிந்துவிடவில்லையே! சில சொற்களை நீக்கினால் சீதனம் சீதனமாகவே இருக்கும். முதுசம் முதுசமாகவே இருக்கும். மாறுவது உறுதியின் அடியிலே இடவேண்டிய ஒப்பங்களின் எண்ணிக்கை மாத்திரம்.

இத்திருத்தத்தைக் கோரித் தமிழ் மேடைகளிலே எத்தனை தீர்மானம் நிறைவேறியது என்று நண்பர்கள் என்னைக் கேட்கலாம். நானும் அம்மேடைகளிலே நின்றவன். என்னையும் சேர்த்தே கேட்கட்டும். சமையலறையிலே நான்கு பெண்கள் பேசியதை நாம் இரண்டு ஆண்டுக்குமேல் இரவு இரவாகப் பார்த்தோம். ஆசிரியரும் பையனும் நானும் விவாதித்தது கதிரையிலே இருந்தவனின் நடிப்பைப் பற்றி. விளக்குமாறு ஊன்றி நின்ற அம்மையார் சொன்னதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ள எங்கள் செயலாளருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணின் மனு 8ஆம் பிரிவின் கீழ் மல்லாகம் மாவட்ட நீதிமன்றத்திலே தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது. தவணை நாளன்று அவர் மகளையும் அழைத்துக்கொண்டு முன்வாங்கிலே இருந்தார். எதிர்த்தரப்பிலே எவரும் தோன்றவில்லை. அடுத்த தவணை குறிக்கப்பட்டது. வெளியே வந்தபோது, "இதுவும் ரெண்டாம் பாகம் வரை இழுக்குமோ ஐயா?" என்று கேட்டார். இழுக்காது என்று சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் காப்பாற்ற வேண்டும்.

6ஆம் பிரிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பமொன்றைத் தயாரித்திருக்கிறோம். அதில் ஒப்பமிடக் கணவரின் சம்மதம் தேவையில்லை. இணுவில் நிலையத்திலே வரும் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம். தலைவரை மூன்றரைக்கே வரச் சொல்லியிருக்கிறோம். முன்னுரை பத்து நிமிடத்துக்கு மேற்படாதென அவர் வாக்களித்துள்ளார். எவ்வாறாயினும் ஒன்பதேகாலுக்கு முன் முடித்துவிடுவோம்.